முகமூடிக்குள் மூச்சு முட்டுகிறதா? முதலில் எச்சிலைக் கவனியுங்கள்

வாசகர் கேள்வி:

விருதுநகர் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 55. நாக்கின் இடது ஓரத்தில் ஆறாத புண் வந்து, சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் என்றார்கள். ஒரு மாதத்துக்கு முன்பு அறுவை சிகிச்சை செய்து நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்திலிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இனி மதுரையில் 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும். அதற்காக முகத்துக்கு அச்சு எடுத்தார்கள். சூடான வலையை முகத்தில் வைத்து அழுத்தியதும் தொண்டையில் எச்சில் தேங்கியது, விழுங்க முடியவில்லை. நெஞ்சு படபடத்து, எழுந்து ஓடிவிடலாம் போல் ஆகிவிட்டது. "அசையாதீர்கள், ஒன்றும் ஆகாது" என்றார்கள். எப்படியோ முடித்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இரவு 2 மணிக்கு விழித்தால் அதே நினைப்பு. இடது தோள் வலிக்கிறது, காது மடல் மரத்துப்போயிருக்கிறது, வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. நோய் திரும்பிவிட்டதா, இல்லை மனப்பிரமையா? பயம் தெளியட்டும் என்று மனைவி திடீர் திடீரென முகத்தில் போர்வையைப் போட்டுப் பழக்குகிறாள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அடுத்த வாரம் முதல் நாள். தோள்வலி தீரும்வரை இரண்டு மாதம் தள்ளிப்போடலாமா? என் சித்தப்பாவுக்கு 1990களில் கரண்ட் வைத்துக் கழுத்தே கருகிப்போனது. பேத்தி என் பக்கத்தில்தான் படுப்பாள், அவளை விலக்கி வைக்க வேண்டுமா? கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: மீசையை எடுத்துவிட வேண்டுமா?

கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவரின் பதில்:

அன்புள்ள ஐயா,

வணக்கம். கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொல்கிறேன், மீசை உட்பட. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நிறுத்தி மறுபடியும் படித்தது கேள்விக்குறியே இல்லாத ஒரு வரியை: எச்சில் தேங்கியது, விழுங்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை முக்கியம். முதலில் உடம்புக்கு ஒரு சிக்கல் வந்தது, அதைப் பார்த்து மனம் பதறியது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பயந்த சுபாவம் என்று நீங்களும் வீட்டாரும் முடிவு கட்டிவிட்டால், எளிதில் சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சரிசெய்யாமலே 30 நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பீர்கள்.

ஒரு சின்னச் சோதனை. உங்கள் மனைவியைத் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, முகவாயை மேலே தூக்கி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி எச்சிலை விழுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கு முழுதாக உள்ளவர்களுக்கே அது தடுமாறும். ஒரு மனிதருக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. நமக்குத் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். எச்சிலைத் திரட்டிப் பின்னால் தள்ளும் முதல் வேலை நாக்கினுடையது. உங்கள் நாக்கில் ஒரு பகுதி இல்லை. மிச்சமும் இன்னும் வீக்கத்தோடும் விறைப்போடும் இருக்கிறது. அச்சு எடுக்கும்போது கழுத்து நன்றாக நீள வேண்டும் என்பதற்காக முகவாயை உயர்த்தி வைப்போம். நாக்கு அசையாமலிருக்கப் பற்களுக்கு இடையில் ஒரு குச்சியையும் கொடுத்திருக்கலாம். இத்தனைக்குப் பிறகும் எச்சில் தேங்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

ஆகவே நாளைக் காலையிலேயே கதிர்வீச்சுப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள், முடிந்தால் நேரிலேயே போய்வாருங்கள். அங்கே போய் "பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குத் "தைரியமாக இருங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். எங்கள் துறையில் அந்தப் பதில் தாராளமாகக் கிடைக்கிறது, பயன்தான் குறைவு. "மல்லாந்து படுத்தால் எச்சில் தொண்டையில் தேங்குகிறது, புரையேறப் பார்க்கிறது, விழுங்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் எங்களுக்குச் செய்வதற்கு வேலை இருக்கிறது.

என்ன வேலை? மேசையில் படுப்பதற்கு முன் உட்கார்ந்தபடியே வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். தேவையானால் உறிஞ்சு குழாயால் தொண்டையைச் சுத்தம் செய்துவிட்டு, எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகு கடைசியாக முகமூடியை, அதாவது உங்கள் முகத்தில் அச்சு எடுத்த அந்த வலையை, பூட்டச் சொல்லலாம். முகமூடியில் வாய்ப்பகுதியிலும் கண்பகுதியிலும் சிறு திறப்பு வெட்டித் தருவது பல இடங்களில் உண்டு. பிடிமானம் கெடாத இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும், அதை அவர்கள் தீர்மானிப்பார்கள். எச்சிலைச் சில மணி நேரத்துக்குக் குறைக்கும் மருந்தும் இருக்கிறது. எல்லோருக்கும் அது ஏற்றதில்லை, கண்ணில் நீர் அழுத்தமோ புராஸ்டேட் தொந்தரவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இவை எதுவும் போதவில்லை என்றால் தலையைச் சற்று உயர்த்தி வைத்துப் புதிய முகமூடி செய்யலாம். அப்படிச் செய்தால் சி.டி. ஸ்கேனையும் மறுபடி எடுத்து, கணக்கையும் மறுபடி போட வேண்டும். முதல் நாள் வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லுங்கள் என்று நான் அவசரப்படுத்துவது இதனால்தான்.

முகமூடி ஏன் அவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் தொழில்காரருக்கு எளிதில் விளங்கும். நீங்கள் சட்டைக்குத் தையலில் கொஞ்சம் விட்டுத் தைப்பதுபோல நாங்களும் நோய் இருந்த இடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் விட்டுத்தான் அளவு போடுகிறோம். தலை ஆடும் என்றால் அந்த விடுப்பைப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கினால் பக்கத்திலுள்ள எச்சில் சுரப்பியும் தாடையும் கூடுதல் கதிரை வாங்கும். அந்தப் பிளாஸ்டிக் தகடு 70 டிகிரிக்குக் கிட்டத்தட்ட உள்ள வெந்நீரில் இளகி, முகத்தில் படிந்து, ஆறும்போது லேசாகச் சுருங்குகிறது. அச்சு எடுத்த அன்று இறுக்கிக்கொண்டே போவதுபோல் தோன்றியது அதனால்தான். இனி அது சூடாகவும் இருக்காது, மேலும் இறுகவும் செய்யாது. மேலெல்லாம் துளைகள் உண்டு. மூக்குக்கும் வாய்க்கும் காற்று வருவதில் எந்தத் தடையும் இல்லை. முகமூடி போட்டதும் முதலில் செய்ய வேண்டியது, மூக்கு வழியாக நிதானமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்து, காற்று வருகிறது என்பதை நீங்களே உறுதிசெய்துகொள்வது.

கட்டிப்போடுவார்களா என்ற கலக்கமும் உங்கள் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. முகமூடியின் ஓரங்களை மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். அந்தப் பூட்டுகளைக் கழற்றச் சில நொடிகள் போதும். கைகள் சுதந்திரமாகவே இருக்கும். சிகிச்சை அறையில் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் கேமரா வழியாக ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் குரல் கொடுத்தால் கேட்கும். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே இயந்திரத்தை இயக்கும் டெக்னாலஜிஸ்டிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கதிரை எந்த நொடியிலும் நிறுத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கதவைத் திறந்தாலே கதிர் தானாக நின்றுவிடும்படிதான் அந்த அறையை அமைத்திருக்கிறார்கள். அச்சு எடுத்த அன்று அசையாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, பிளாஸ்டிக் ஆறும் அந்தச் சில நிமிடங்களில் அசைந்தால் அச்சு கெட்டுவிடும். சிகிச்சை நாளிலும் அசையாமல்தான் படுக்க வேண்டும், ஆனால் முடியவில்லை என்றால் இடையில் நிறுத்தலாம். கையை உயர்த்துவது உங்கள் உரிமை. அந்த உரிமை இருப்பது தெரிந்தவர்கள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஊரில் கரண்ட் என்று சொன்னாலும் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன தெரியுமோ அதுதான் தெரியும், அதாவது ஒன்றும் தெரியாது. முதலில் சரியான இடத்தில் படுத்திருக்கிறீர்களா என்று இயந்திரமே ஒரு படம் எடுத்துப் பார்க்கும். பிறகு உங்களைச் சுற்றிச் சுழலும். ஒரு ரீங்காரம் கேட்கும். சிலருக்கு ஒரு விநோத வாசனை அடிக்கும், சிலருக்குக் கண்ணுக்குள் நீல ஒளி தெரியும். அப்படி நேர்ந்தால் பதறாதீர்கள், அது ஏற்கெனவே அறிந்த விஷயம், கெடுதல் இல்லை. மேசையில் இருப்பது மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம், அதில் கதிர் பாய்வது சில நிமிடம் மட்டுமே.

இனி போர்வை விவகாரம். உங்கள் மனைவியின் நோக்கம் நல்லது, முறைதான் தவறு. அடைபட்ட பயம் தெளிய வேண்டுமானால் மூடுவதும் திறப்பதும் பயப்படுபவர் கையில் இருக்க வேண்டும். எதிர்பாராமல் போர்வை விழும் ஒவ்வொரு முறையும் பயம் இன்னும் ஊறத்தான் செய்யும். அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு வேறு வேலை தருகிறேன்.

தினமும் ஒருமுறை, உங்களுக்கு வசதியான நேரத்தில், பாயில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்க்கட்டும். முதல் நாள் வெறுமனே படுத்திருந்தால் போதும். அது பழகியதும் கழுத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து முகவாயை உயர்த்துங்கள். அதன் பிறகு, மூச்சு தாராளமாக வரும் மெல்லிய ஈரிழைத் துண்டை நீங்களே எடுத்து முகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். போட்டவரே எடுக்கலாம் என்பது விதி. படபடப்பு ஏறத்தான் செய்யும். ஏறும் வேகத்தில் துண்டை உதறாமல் கொஞ்சம் பொறுத்தால், சில நிமிடங்களில் அது தானாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். உடம்பில் சுரக்கும் அட்ரினலின் அந்த உச்சத்திலேயே நீண்ட நேரம் நிற்பதில்லை. இறங்கிய பிறகு துண்டை எடுங்கள். இதுதான் பயிற்சியின் உயிர்நாடி: உச்சத்தில் தப்பினால் உடம்பு பயத்தைக் கற்றுக்கொள்ளும், இறங்கிய பிறகு எழுந்தால் இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்ளும். எச்சில் புரையேறினால் மட்டும் இந்த விதி செல்லாது, உடனே ஒருக்களித்துத் துப்பிவிடுங்கள். சாப்பிட்டதும் இதைச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் எதையும் முகத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள்.

மூச்சைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் நான்கு வரை எண்ணுங்கள், விடும்போது ஆறு வரை. விடும் மூச்சு நீளமாக இருந்தால் போதும், இதயத்தின் வேகம் குறையும். ஆழ்ந்து ஆழ்ந்து வேகமாக மூச்சு விடாதீர்கள், அதில் தலை சுற்றி விரல் மரத்து, பயம் இன்னும் கூடும்.

கண்களை முகமூடி வருவதற்கு முன்பே மூடிக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேரே இறங்குவதைப் பார்ப்பதுதான் பலருக்கும் மோசமான கணம். பிறகு மனதுக்கு ஒரு வேலை கொடுங்கள். பக்திப் பாட்டு கேட்டால் அமைதியாகும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் உங்களுக்கு அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. மனதுக்குள் ஒரு முழுக்கைச் சட்டையைத் தையுங்கள். துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டி, தோள் இணைத்து, காலர் வைத்து, காஜா போட்டு, பொத்தான் வரைக்கும், எந்தப் படியையும் தாண்டாமல். அவ்வளவு ஒழுங்காக யோசித்துக்கொண்டே பயப்படுவது கடினம். சட்டை முடிவதற்குள் மேசையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முகமூடியை நினைத்தாலே வியர்க்கிறது என்றால், சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டுக்கொள்ளும் பதற்றம் குறைக்கும் மாத்திரை ஒன்றை, லோராசெபாம் போன்றதை, மருத்துவர் எழுதித் தரலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதல் சில நாட்களுக்குப் பிறகு பலருக்கும் அது தேவைப்படுவதில்லை. அதைப் போட்ட அன்று இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வர வேண்டும். தூக்கத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவதும், ஒரு மடக்கு குடித்தால் தூங்கலாம் என்று நினைப்பதும் வேண்டாம். புண் ஆறிக்கொண்டிருக்கும் வாயில் மது நெருப்பு, மாத்திரையோடு சேர்ந்தால் அது ஆபத்தும் கூட.

இரவு 2 மணி விழிப்புக்கு வருகிறேன். அதை முழுக்க மனதின் கணக்கில் எழுதுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். வலிக்கான மாத்திரையின் பலன் இரவில் எத்தனை மணிக்கு விட்டுப்போகிறது? படுத்தால் கழுத்து வீக்கம் கூடுகிறதா? சரியாகச் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு படுக்கிறீர்களா? அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கும். முதல் நாளுக்கு முன் எப்படியும் இரத்தப் பரிசோதனை செய்வார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகையிலை, பாக்கு பற்றி நீங்கள் எழுதவில்லை, நானாக எதையும் ஊகிக்கவும் இல்லை. அறுவைக்காக அண்மையில் நிறுத்தியிருந்தால், முதல் சில வாரங்களில் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரும். அது போய்விடும். திரும்பத் தொடங்காதீர்கள், கதிர்வீச்சின் பலனையே அது குறைக்கும். இன்னும் நிறுத்தவில்லை என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள், திட்டுவார் என்று மறைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். படபடப்போடு நெஞ்சு இறுக்கி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது நடக்கும்போது மூச்சு வாங்கினால், 55 வயதில் அதற்கு முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பிறகுதான் மனதைப் பற்றிய பேச்சு.

நோய் திரும்பிவிட்டதோ என்ற கேள்விக்கு, நீங்கள் எழுதிய மூன்று தொந்தரவுகளும் கழுத்து அறுவைக்குப் பிறகு நான் அடிக்கடி பார்ப்பவை என்பதே பதில். நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் தசைக்குப் போகும் நரம்பைத் தொட்டு விலக்கித்தான் வேலை செய்ய முடியும். நரம்பை வெட்டாமல் காப்பாற்றினாலும் அது சில மாதங்கள் சோர்ந்துபோகும். தோள் தொங்கும், கையைப் பக்கவாட்டில் உயர்த்த முடியாது, வலிக்கும். காது மடலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு கழுத்து வழியாகத்தான் ஏறுகிறது, அது பாதிக்கப்பட்டால் மடல் மரத்துவிடும். வாய் திறப்பது குறைந்ததற்குத் தழும்பும் தசை இறுக்கமும் காரணம். ஆனால் அங்கு எதுவுமே இல்லை என்று தபாலில் நான் சான்றிதழ் தர முடியாது. சி.டி. ஸ்கேனில் கழுத்து முழுவதையும் பார்த்துத்தான் உங்கள் மருத்துவர் திட்டம் போட்டிருப்பார். "படத்தில் புதிதாக ஏதாவது தெரிகிறதா?" என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். புதிதாகக் கட்டி தென்பட்டாலோ, வாயில் இரத்தம் கசிந்தாலோ, தையல் பிரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ முதல் நாளுக்காகக் காத்திராமல் போய்க் காட்டுங்கள். மூச்சு விடும்போது கொரகொரவென்று சத்தம் வந்தாலும், தண்ணீரே இறங்காவிட்டாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தோளுக்கும் வாய்க்கும் உடற்பயிற்சிதான் மருந்து, அதைத் தள்ளிப்போடக் கூடாது. பிசியோதெரபிஸ்டைப் பார்த்துத் தோள் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். வலியோடு தையல் இயந்திரத்தின் முன் குனிந்து உட்கார்ந்தால் தோள் இன்னும் கீழே இழுக்கும், கொஞ்ச நாளைக்கு வெட்டும் வேலையையும் தைக்கும் வேலையையும் ஆளிடம் விட்டுவிடுங்கள். வாய்க்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது ஐஸ்க்ரீம் குச்சி. சுத்தமான குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, தாங்கும் அளவுக்குச் சில நாளைக்கு ஒரு குச்சியாகக் கூட்டுவது. எப்போது தொடங்கலாம் என்று அறுவை செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்று விரல் நுழையும் அளவு திறந்தால் நல்லது. கதிர்வீச்சு இந்தத் தசைகளை மேலும் இறுக்கப் பார்க்கும், அதனால் சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதங்கள் விடாமல் செய்ய வேண்டியது இது. சிகிச்சை மேசை மெத்தை இல்லாமல் கெட்டியாக இருக்கும். தோள்வலிக்கு எழுதித் தந்த மாத்திரையை மேசையில் படுப்பதற்கு முக்கால் மணி முன்னதாகப் போட்டுக்கொள்ளும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். இதற்கு மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை, கடிகாரத்தை மாற்றினால் போதும்.

ஒருமுறை பல் மருத்துவரையும் பார்த்தாகிவிட்டதா? கடிதத்தில் அதைக் காணவில்லை. கதிர் பட்ட தாடை எலும்பில் பிற்பாடு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே நொந்துபோகும் ஆபத்து உண்டு. ஆகவே சொத்தைப் பற்களைத் தொடக்கத்துக்கு முன்பே எடுத்து, ஆறுவதற்கு இரண்டு வாரமாவது விடுவது வழக்கம். பார்க்கவில்லை என்றால் இதையும் நாளைய தொலைபேசிப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணங்களில் இது ஒன்று, அதுவும் புண் ஆறும் அந்த நாட்களுக்குத்தான்.

தோள்வலிக்காக இரண்டு மாதம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சை ஆறு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் செல்கள் மிஞ்சியிருந்தால் அவை உங்கள் தோள் குணமாகும்வரை சும்மா இருக்காது. தொடங்கிய பிறகும் இதே கணக்குதான். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் என்று போடுவது, நல்ல செல்கள் இடையிடையே தங்களைப் பழுதுபார்த்துக்கொள்வதற்காக. அந்த இடைவெளியை நாமாக நீட்டினால் நோய்ச் செல்களும் பிழைத்துப் பெருகும். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயில் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும் என்று எடுத்துக்கொள்கிறோம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கல்யாணம், கோயில் கொடை, பஸ் கிடைக்கவில்லை என்று விடுமுறை எடுப்பவர்கள் அதிகம், அதனால் சொல்கிறேன்.

உங்கள் சித்தப்பாவுக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் கோபால்ட் இயந்திரத்தில் கொடுத்திருப்பார்கள். கோபால்ட் கதிரின் உச்ச வீச்சு தோலுக்கு அடியில் அரை சென்டிமீட்டரிலேயே விழுந்துவிடும். இன்று பரவலாக உள்ள லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரத்தில் நாங்கள் கழுத்துக்குப் பயன்படுத்தும் கதிர் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் உச்சத்தைத் தொடும், பல கோணங்களிலிருந்து பகிர்ந்தும் வரும். தோல் தப்பிக்கும் என்று சொல்லவில்லை. முகமூடி தோலை ஒட்டியிருப்பதால் அங்கே கதிர் சற்றுக் கூடும், கழுத்து கறுக்கும், கடைசி வாரங்களில் ஓரிரு இடம் உரியலாம், முடிந்த சில வாரங்களில் ஆறிவிடும். சட்டைக் காலர் உரசுவதுதான் பெரிய எதிரி. உங்களுக்கே காலர் இல்லாமல், முன்பக்கம் திறக்கும்படி, மெல்லிய பருத்தியில் நாலு சட்டை தைக்கச் சொல்லிவிடுங்கள்.

வாய்ப்புண், சுவை மாறுவது, எச்சில் கெட்டியாவது எல்லாம் வரும். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதைப் பற்றி இன்று இரவு 2 மணிக்கு யோசிக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்ப்பார், அப்போது பேசலாம். இப்போதே பழக்கமாக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வாய் கொப்பளிப்பது. அத்துடன் எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெலிந்தால் முகமூடி தொளதொளவென்று ஆகி மறுபடி அச்சு எடுக்க வேண்டிவரும், உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும். முட்டை, பாசிப்பருப்புக் கஞ்சி, தயிர்சாதம், பால், காரமில்லாத எதுவானாலும் சரி.

பேத்தி தாராளமாகப் பக்கத்தில் படுக்கலாம். இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடுகிறது. உங்கள் உடம்பிலோ உடையிலோ எச்சிலிலோ அது தங்குவதில்லை. தூக்கத்தில் உங்கள் கழுத்தில் காலைத் தூக்கிப் போடும் பழக்கம் அவளுக்கு இருந்தால், வலது பக்கமாகப் படுக்க வையுங்கள். இரவில் வேறு யாரிடமும் பேச முடியாது என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் அதை வீட்டில் ஒருவரிடமும், உங்கள் மருத்துவரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். இது பலருக்கும் வருவது, பேசினால் சிகிச்சை உண்டு.

மீசை. அச்சு எடுத்த அன்று மீசை இருந்ததென்றால் அந்த முகத்துக்குத்தான் முகமூடி பொருந்தும். அதை அப்படியே வைத்திருங்கள், புதிதாகத் தாடி மட்டும் வளர்க்காதீர்கள், முகமூடி சரியாக உட்காராது. கதிர் படும் இடத்தில், அதாவது தாடைக்குக் கீழும் கழுத்திலும், மயிர் உதிரும். தலைமுடி பிடரியின் அடிப்பகுதியில் கொஞ்சம் போகலாம், மற்றபடி இருக்கும். கன்னத்தில் மழிக்க வேண்டுமானால் பிளேடை விட்டுவிட்டு மின்சார ரேசரைப் பயன்படுத்துங்கள், கழுத்துப் பக்கம் அதையும் கொண்டுபோகாதீர்கள். மழித்த பின் பூசும் லோஷன், படிகாரம் இரண்டும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதல் நாள் முகமூடியைப் பூட்டும்போது டெக்னாலஜிஸ்டையே கேளுங்கள், மூக்குக்குக் கீழே இடிக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.